ஒரு வார்த்தை சாட்சி

ஜெயசெல்வி அப்பாவின் வலது காலில் ஷூவை மாட்டப் பார்த்தாள். நுழையவில்லை. கால் அவ்வளவு வீங்கியிருந்தது. அடக்க நிலையத்து ஆள் பரவாயில்லை என்று சவப்பெட்டியின் கீழ்ப்பாதியை மூடிவிட்டார். அந்த ஒற்றை ஷூ அவள் கையிலேயே தங்கிவிட்டது.

சர்க்கரைப் புண். கலிபோர்னியாவில், மில்பிடாஸில் அப்பாவுக்கு அரசாங்க உதவிப் பணமும் மருத்துவ அட்டையும் இருந்தன. தொண்ணூற்றாறில், குடியுரிமை வாங்காத கிரீன் கார்டு முதியவர்களுக்கு அவற்றை நிறுத்தப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது. அவள் கணவன் தேவதாஸ் முந்திக்கொண்டு, வேண்டாம் என்று அவரிடமே கையெழுத்து வாங்கிக் கொடுத்தான். அடுத்தவன் வரிப்பணத்தில் சாப்பிடுவது கேவலம், இல்லாதவனைப் பார்க்கத்தான் சபை இருக்கிறது என்பது அவன் கட்சி.

சபை இன்சுலின் வாங்கித் தந்தது. நல்ல மனிதர்கள்தான். ஆனால் உதவி பெற்றவர் ஞாயிறு ஆராதனையில் எழுந்து சாட்சி சொல்வது அங்கே வழக்கம். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். இங்கே வாங்கினவரின் பல்லைப் பார்த்தார்கள். காலமெல்லாம் பிள்ளைகளைப் பெஞ்சுமேல் ஏற்றிய ஹெட்மாஸ்டரான அப்பா, முன்பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்று சொன்னார். ஒரே ஒரு முறை.

அடுத்த மாதமே புண் ஆறிவிட்டது, இனி மாத்திரை போதும் என்றார். வீட்டுக்குள்ளும் சாக்ஸ் போட்டுக்கொண்டார். குளிராம். ஜெயசெல்வி நம்பினாள். நம்புவது சௌகரியமாக இருந்தது.

மறு வருடம் அரசாங்கம் பழையபடி கொடுக்கப்போவதாகச் செய்தி வந்தது. மறுபடி அப்ளை பண்ணலாமா என்று அப்பாவிடம் கேட்டாள்.

"கவர்மென்ட்டுக்கு மூஞ்சி இல்லம்மா. அதனாலதான் வாங்க முடிஞ்சுது," என்றார். "மாப்பிள்ளைய ஒரு வார்த்தை கேட்டுக்கோ."

கேட்டாள். சர்ச் இருக்கும்போது அங்கே போய் ஏன் நிற்க வேண்டும் என்றான் தேவதாஸ். அதோடு விட்டுவிட்டாள்.

இப்போது அப்பாவின் அடக்க ஆராதனை முடியும் நேரம். தேவதாஸுக்கு வேலை போனது எல்லோருக்கும் தெரியும். அடக்கச் செலவைச் சபையே ஏற்கிறது என்றார் பாஸ்டர். "குடும்பத்துல யாராவது ஒரு வார்த்தை சாட்சி சொல்லுங்க." அன்பாகத்தான் சொன்னார்.

தலைகள் திரும்பின. தேவதாஸ் அவள் பக்கம் குனிந்தான்.

"நீ சொல்லிடு செல்வி."

அவளுக்கு அவன்மேல் வெறுப்பு வந்தது. தன்மேலும்.

"நீங்க எழுந்திருங்க."

எழுந்தான். முன்பெஞ்சை இறுகப் பிடித்தான். ஜெயசெல்வி மடியிலிருந்த ஷூவின் நாடாவை முடிச்சிட்டாள். அவிழ்த்து, மறுபடி முடிச்சிட்டாள்.