பூசணம் பூத்த உப்புக்கண்டம்

கம்பம் கடைவீதியில் இரும்புக் கடை வைத்திருந்த பொன்னுராஜ், வியாபாரிகள் சங்கத் தேர்தலில் தான்தான் தலைவர் என்று நம்பி, ஓட்டு எண்ணுவதற்கு முன்பே இரண்டு கிடாய்களை அறுத்துவிட்டார். எண்ணி முடித்தபோது அரிசி மண்டிப் பலவேசம் ஜெயித்திருந்தார். பொன்னுராஜுக்கென்று மாலை வாங்கி வைத்திருந்தவர்கள் அதை வாடவிடாமல் அரிசி மண்டிக்கு எடுத்துப் போனார்கள்.

அவ்வளவு கறியை என்ன செய்வது? அவர் மனைவி ஞானபாக்கியம் உப்பும் மஞ்சளும் தடவி, துண்டுகளைக் கயிற்றில் கோத்து, மொட்டைமாடியில் உப்புக்கண்டம் போட்டாள். மூன்றாம் நாள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. பன்னிரண்டு நாள் வெயிலே இல்லை. சமையலறைக்குள் கொண்டுவந்து கட்டியும், கறிமேல் பச்சையும் சாம்பலுமாகப் பூசணம் படர்ந்தது.

"குழி வெட்டிப் பொதைச்சிருவோம்" என்றாள் ஞானபாக்கியம்.

பொன்னுராஜ் வாரப் பத்திரிகை படிக்கிறவர். "விவரம் தெரியாமப் பேசாத. பெனிசிலின் ஊசிய எதுலருந்து எடுக்காக? பூசணத்துலருந்துதான். வெள்ளக்காரன் குடுவையில வச்சு வளக்கான். நமக்குக் கறிமேலயே வளந்திருக்கு."

"அப்ப நீங்க ரெண்டு துண்டு தின்னுங்க."

"எனக்குப் பல்லு ஆடுதுல்ல."

துணியால் துடைத்து நல்லெண்ணெய் பூசியதும் கறி பளபளத்தது. பாதியைப் பொட்டலம் கட்டி, கடையில் சுமை தூக்கும் நால்வருக்கும் வீட்டு வேலை செய்யும் மலையம்மாளுக்கும் கொடுத்தார். "மருந்துக் கறி. மழைக்காலத்துக்கு ஒரு காய்ச்சலும் அண்டாது" என்று சொல்லி, அவர்கள் கும்பிட்டதையும் வாங்கிக்கொண்டார். பார்வைக்கு நன்றாக இருந்த மீதியை ஓலைக்கொட்டானில் வைத்துப் பலவேசத்துக்கு அனுப்பினார். தோற்றாலும் பொன்னுராஜுக்குப் பெரிய மனசு என்று நாலு பேர் பேச வேண்டாமா?

பலவேசம் அசந்துபோனார். மறு ஞாயிற்றுக்கிழமை மதியம் சங்கத்துக்காரர்களுக்கு விருந்து, பொன்னுராஜ் அண்ணாச்சிதான் சிறப்பு விருந்தாளி என்று சொல்லி அனுப்பினார்.

மலையம்மாளுக்குக் கறியின் வாடை பிடிக்கவில்லை. வேகவைத்து, பொடியாக நறுக்கி, தவிட்டோடு பிசைந்து தன் வாத்துக் குஞ்சுகளுக்குப் போட்டாள். நாலாம் நாள், அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், பதினோரு குஞ்சுகள் காலை நீட்டிக் கிடந்தன. கூடையில் அள்ளிக்கொண்டு மாட்டு டாக்டர் நல்லகண்ணு வீட்டுக்கு ஓடினாள். அவர் ஒன்றை அறுத்துப் பார்த்தார். ஈரல் வெளுத்து, ரத்தம் கட்டியிருந்தது. குஞ்சுகள் தின்றது பூசணம் பூத்த கறி என்று அவள் சொன்னதும், அவளைக் கூட்டிக்கொண்டு நேராகப் பொன்னுராஜ் வீட்டுக்கு வந்தார்.

"பூசணம் விட்ட கடலைப் புண்ணாக்கத் தின்னு ஒரு பண்ணைக் கோழி பூராம் செத்துச்சு அண்ணாச்சி. அங்கயும் ஈரல் இப்படித்தான் இருந்துச்சு. சில பூசணம் நஞ்ச எறக்கிரும். தொடைச்சாலும் போகாது, வறுத்தாலும் போகாது. குஞ்சுன்னா ஒடனே சாகும். மனுசனுக்கு உள்ளுக்குள்ளயே ஈரல அரிக்கும். இன்னும் யாருக்கெல்லாம் குடுத்தீக?"

பொன்னுராஜ் செருப்பை மாட்டிக்கொண்டு பலவேசம் வீட்டுக்கு ஓடினார்.

பலவேசம் வீட்டில் பந்தி உட்கார்ந்திருந்தது. நெய்யில் வறுத்த உப்புக்கண்டம் எல்லா இலையிலும் விழுந்தாயிற்று. "அண்ணாச்சி வாங்க! நீங்க வாய் வச்சதுக்கப்புறம்தான் நாங்க" என்று அவரை நடு இலையில் உட்கார வைத்தார் பலவேசம். இருபது பேர் அவர் வாயையே பார்த்தார்கள்.

உண்மையைச் சொன்னால், தோற்ற ஆத்திரத்தில் தலைவருக்கு விஷம் வைத்தான் என்பார்கள். சொல்லாவிட்டால் தின்றாக வேண்டும்.

"யாரும் தொடாதீக! இதுல... பூனை வாய் வச்சிருச்சு. இப்பத்தான் வீட்டுல சொன்னாக."

ஒருவர் காறித் துப்பினார். எல்லோரும் இலையை மூடிவிட்டு எழுந்தார்கள். கடைவீதி முழுக்க அவர் பெயர் 'பூனைக் கறி' ஆகிவிடும் என்று அவருக்குத் தெரிந்தது. ஆனாலும் இருபது உயிரைக் காப்பாற்றிய திருப்தியோடு, நெஞ்சை நிமிர்த்தித்தான் வீடு திரும்பினார்.

வாசலில் மலையம்மாள் நின்றாள். அவள் சேலை நனைந்து, கால் முழங்கால் வரை சேறாக இருந்தது.

"பெரிய ஆளுகளுக்குப் போய்ச் சொல்லிட்டீகளா மொதலாளி?"

"சொல்லிட்டேன் ஆத்தா. ஒருத்தரும் தொடல."

"எங்க ஆளுகளுக்கு?"

சுமை தூக்கும் அந்த நால்வரின் நினைப்பே பொன்னுராஜுக்கு வந்திருக்கவில்லை.

"நானே வீடு வீடாப் போனேன். மூணு பேரு இன்னும் பொட்டலத்தப் பிரிக்கல. வீரபாண்டி அண்ணன் தின்னு முடிச்சிட்டாரு. பிள்ளைகளுக்குக்கூடக் குடுக்கலையாம். மொதலாளி மருந்துன்னு குடுத்தது, வேல பாக்குற ஒடம்புக்குத்தான் வேணும்னு ஒத்தையில தின்னிருக்காரு."

பொன்னுராஜ் வீரபாண்டியை ஜீப்பில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்தார், கண்ணை விரித்துப் பார்த்தார். இப்போதைக்கு ஒன்றும் தெரியவில்லை என்றார்; கண்ணில் மஞ்சள் தட்டினால் உடனே வரச் சொன்னார். ஒன்றும் ஆகாது என்று மட்டும் சொல்லவில்லை.

மறுநாளே வீரபாண்டி வேலைக்கு வந்து கம்பிக் கட்டைத் தூக்கினான். அன்றிலிருந்து தினம் காலையில் பொன்னுராஜ் அவனை வெளிச்சத்துக்குக் கூப்பிட்டு, கண்ணுக்குள் உற்றுப் பார்த்தார். மூன்று மாதம் பொறுத்த வீரபாண்டி ஒருநாள் கேட்டே விட்டான்.

"என்ன மொதலாளி, மாட்டுக்குப் பல்லுப் பாக்குற மாதிரி தெனமும் பாக்குறீக? என்னைய யாருக்கும் விக்கப் போறீகளா?"

கடையில் எல்லோரும் சிரித்தார்கள். பொன்னுராஜ் சிரிக்கவில்லை. அவன் இடது கண்ணின் இமையை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்துப் பார்த்தார்.