ஹாமர்ஸ்மித் பாலத்துக்கு அப்பால்

வினிஃப்ரெட் கணவரின் ஒரு கன்னத்தை மழித்து முடித்துக் கத்தியைத் துண்டில் துடைத்துக்கொண்டிருந்தபோது, அவருடைய கை போர்வைக்குள்ளிருந்து எழுந்தது.

"ஆம்புரோஸ், ஆடாதே. கத்தி வச்சிருக்கேன்."

அவருக்குக் கேட்கவில்லை. காலையிலிருந்தே நினைவு வருவதும் போவதுமாக இருந்தது. இன்றோ நாளையோ என்று டாக்டர் படிக்கட்டில் நின்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். எந்த நாளானாலும் முள்தாடியோடு அவரை அனுப்ப அவளுக்கு மனமில்லை.

தண்ணீர் கேட்கிறாரோ என்று முதலில் நினைத்தாள். அப்படியில்லை. விரல்கள் சேர்ந்திருந்தன, முழங்கை மடங்கவில்லை. கை நேராக நின்றது. கொஞ்ச நேரம் கழித்து வலப்பக்கம் சாய்ந்தது. ஃபுல்ஹாம் வளைவு. அவளுக்குப் புரிந்துவிட்டது. மனிதர் ஆற்றில் இருந்தார்.

பட்னியிலிருந்து மார்ட்லேக் வரை ஆற்றில் நாலேகால் மைல் படகுப் பந்தயம். கடல் தண்ணீர் ஆற்றில் ஏறும் நேரம் பார்த்துப் படகுகளை விடுவார்கள். ஒற்றைப் படகில் துடுப்புப் போடுகிறவன் போகிற திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பான். அவனுக்கு வழி தெரியாது. எட்டுப் பேர் வலிக்கும் படகு ஒன்று பின்னாலேயே வரும். அதன் மூக்கில் உட்கார்ந்திருப்பவன் எந்தப் பக்கம் கை நீட்டுகிறானோ அந்தப் பக்கம் திருப்ப வேண்டும். 1912-இல் வினிஃப்ரெட்டின் அண்ணன் சைலஸ் பந்தயத்தில் இறங்கியபோது, அந்த மூக்கில் இருந்தவர் ஆம்புரோஸ். அந்தக் குளிர்காலம் முழுக்க நடந்த பயிற்சியில் அவளும் போர்வையைச் சுற்றிக்கொண்டு அந்தப் படகில் உட்கார்ந்திருக்கிறாள். ஒவ்வொரு கையசைவும் அவளுக்கு மனப்பாடம்.

வலது கை இறங்கியது, இடது கை எழுந்தது. சரிதான், ஹாமர்ஸ்மித் பாலம் வருகிறது. பாலம் தாண்டியும் இடது கை அப்படியே நிற்க வேண்டும். நீரோட்டம் அந்தப் பக்கம்தான். வலப்பக்கம் சிஸ்விக் தீவு. தீவோரம் தண்ணீர் செத்துக் கிடக்கும், அடியில் சேறு.

இடது கை விழுந்தது. வலது கை எழுந்தது. விறைப்பாக, தயக்கமில்லாமல், தீவுப் பக்கம் நீண்டது.

வினிஃப்ரெட் கத்தியைக் கிண்ணத்தில் வைத்தாள்.

அந்தப் பந்தயத்தில் பாலம்வரை மூன்று படகு நீளம் முன்னால் இருந்த சைலஸ், தீவோரம் போய்த் துடுப்பு சேற்றில் மாட்டி நின்றுவிட்டார். ஆம்புரோஸ் தப்பாகக் கை காட்டினார் என்று நடுவர்முன் கத்தினார். சரியாகத்தான் காட்டினேன், அவன் பார்க்கவில்லை என்றார் ஆம்புரோஸ். படகில் இருந்த எட்டுப் பேரும் அவருக்கு முதுகைக் காட்டி வலித்துக்கொண்டிருந்தவர்கள். வினிஃப்ரெட் அன்று கரையில் நின்றிருந்தாள். யார் சாட்சி?

ஜெயித்திருந்தால் சிட்னியில் பயிற்சியாளர் வேலை சைலஸுக்குக் காத்திருந்தது. வினிஃப்ரெட்டும் கூடப் போவதாக இருந்தாள். பெட்டிகூட வாங்கியாகிவிட்டது. "என்னைக் கட்டிக்கிறியா?" என்று கேட்ட ஆம்புரோஸிடம், "கப்பல் ஏறப்போறவகிட்ட வந்து கேக்குறியே" என்று சிரித்திருந்தாள். பந்தயம் முடிந்த அன்று, ஊர் பார்க்க, நிரபராதி ஒருவன் தலையில் அண்ணன் பழியைப் போடுகிறானே என்ற கோபத்தில், "தோத்தவன் வாயில வேறென்ன வரும்?" என்று அவள்தான் சைலஸின் முகத்துக்கு நேரே சொன்னாள். அந்தக் கோபத்தோடேயே ஆம்புரோஸைக் கட்டிக்கொண்டாள். முப்பத்தேழு வருஷம் அண்ணனோடு பேசவில்லை. அண்ணி செத்ததற்கு வந்த கடிதத்தைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பினாள்.

"ஆம்புரோஸ்." குனிந்து அவர் காதருகில் சொன்னாள். "பாலம் தாண்டி எந்தப் பக்கம் காட்டினே?"

அவர் கண் திறந்தது. அவளை அடையாளம் தெரிந்தது.

"தீவுப் பக்கம்."

"தெரிஞ்சேவா?"

"அவன் ஜெயிச்சா நீ போயிருப்பே, வின்னி."

அவ்வளவுதான் சொன்னார். கண் மூடிக்கொண்டது. நுரை காய்ந்துகொண்டிருந்த மறு கன்னத்தைப் பார்த்தபடி அவள் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு வெந்நீர் மாற்றி எடுத்துவந்து அதையும் மழித்தாள். ஒரு கீறல் விழவில்லை. நாலு மணிக்கு, மகள் மேவிஸ் வேலையிலிருந்து திரும்புவதற்குள், அவர் போய்விட்டார்.

மறுநாள் முற்பகலில் கதவு தட்டும் சத்தம் கேட்டு வினிஃப்ரெட் போய்த் திறந்தாள். வாசலில் சைலஸ் நின்றார். தொப்பி கையில். தலை முழுக்க நரைத்திருந்தது.

ராத்திரி முழுக்க அவள் மனதுக்குள் மார்ட்லேக்குக்கு நடந்து போய், அவர் கதவைத் தட்டி, மன்னிப்புக் கேட்கும் வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டிருந்தாள். மனிதர் அவரே வந்து நிற்கிறார்.

"மேவிஸ் சொல்லி அனுப்பினா," என்றார் சைலஸ்.

பின்னாலிருந்து மேவிஸ் வந்தாள். "உள்ள வாங்க மாமா. மழையில ஏன் நிக்கிறீங்க?" கோட்டை வாங்கி ஆணியில் மாட்டினாள். பழகிய கையாக மாட்டினாள்.

சமையலறையில் மூவரும் உட்கார்ந்தார்கள். வினிஃப்ரெட் மேசையைப் பார்த்தபடி சொன்னாள். "சைலஸ், நீ சொன்னதுதான் நிஜம். அவர் தீவுப் பக்கம்தான் காட்டியிருக்காரு. நேத்து அவர் வாயாலயே சொன்னாரு. நான் உன்னை..."

"தெரியும், வின்னி."

"உனக்குத் தெரியும். உன் கண்ணால பார்த்தே. நான்தான் நம்பல."

"அதைச் சொல்லல." சைலஸ் தொப்பியை முழங்காலில் திருப்பினார். "யுத்தம் முடிஞ்சு அவன் திரும்பின வருஷம், பத்தொம்பதுல, மார்ட்லேக்குக்கு நடந்தே வந்தான். என் வாசல்ல நின்னு எல்லாத்தையும் சொல்லி அழுதான். மூக்கு மேல ஒரு குத்து விட்டேன். அப்புறம் ரெண்டு பேரும் பீர் குடிக்கப் போனோம்."

மூக்கில் வீக்கத்தோடு அவர் வந்த நாள் வினிஃப்ரெட்டுக்கு நினைவிருந்தது. படகுத்துறையில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னார். பச்சிலை வைத்துக் கட்டியது அவள்தான்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"அப்போ இவ உன் வயித்துல இருந்தா. உன் குடும்பத்தை ஏன் உடைக்கணும்னு... அவன்தான் கெஞ்சினான். நானும் சரின்னுட்டேன். அப்புறம் நாள் ஓடிப்போச்சு."

"முப்பது வருஷம் ஓடியிருக்கு, சைலஸ்."

அவள் மகளிடம் திரும்பினாள். "மாமா வீடு உனக்கு எப்படித் தெரியும்?"

மேவிஸ் முகம் சிவந்தது. "அப்பா கூட்டிட்டுப் போவாரு. ஞாயித்துக்கிழமை. மீன் பிடிக்கப் போறோம்னு சொல்லிட்டு... உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தாரு, மா. நான் அப்போ சின்னப் பொண்ணு."

"இப்போ?"

மேவிஸ் கெட்டிலை அடுப்பில் வைக்க எழுந்துபோனாள்.

பின்வாசல் வழியாகப் படகுக்காரர் ஜெத்ரோ வந்தார். ஆம்புரோஸோடு நாற்பது வருஷம் வேலை பார்த்தவர். சவப்பெட்டியை வெள்ளிக்கிழமை ஏறுநீரில் பட்னியிலிருந்து படகிலேயே மார்ட்லேக் கல்லறைக்குக் கொண்டுபோவதாகப் படகுக்காரர்கள் முடிவு செய்திருந்தார்கள். அதைச் சொல்ல வாய் திறந்தவர் சைலஸைப் பார்த்ததும் நேரே போய்த் தோளில் கை போட்டார்.

"இனிமே ஞாயித்துக்கிழமை மதுக்கடையில டாமினோ ஆட்டத்துக்கு ஒரு கை குறையுதேடா. திருட்டுப் பய, கட்டையை மடியில ஒளிச்சு வச்சே ஜெயிப்பான்..."

பாதியில் நிறுத்திக்கொண்டார். வினிஃப்ரெட்டைப் பார்த்தார். சைலஸைப் பார்த்தார். துடுப்பால் அடிபட்டவர் போல நின்றார்.

"அப்போ மதுக்கடை முழுக்கத் தெரியும்," என்றாள் வினிஃப்ரெட்.

"தப்பா எடுத்துக்காதே கண்ணு. ஆத்துல நடந்தது ஆத்தோட. உன்னை நோகடிக்க வேணாம்னுதான்..."

"அண்ணி செத்தப்போ வந்த கடிதத்தைத் திருப்பி அனுப்பினேனே. அதையும் பேசிக்கிட்டீங்களா, டாமினோ ஆடிக்கிட்டே?"

கெட்டில் கூவத் தொடங்கியது. மேவிஸ் அடுப்பை அணைத்துத் தேநீர் ஊற்றினாள்.

"படகுல உனக்குப் பின்பக்கம் இடம் போட்டிருக்கோம்," என்றார் ஜெத்ரோ கடைசியில், தரையைப் பார்த்து. "மெத்தை போட்டு."

"எனக்கு வேணாம். பஸ்ல வந்துடறேன்."

"வின்னி," என்று சைலஸ் கையை நீட்டினார். "அவன் உன்மேல உசிரா இருந்தான். அது பொய் இல்ல."

"தெரியும்," என்றாள் அவள். "அதுக்கு என்னை என்ன பண்ணச் சொல்றே?"

சைலஸ் குடிக்காத தேநீர்க் கோப்பையை எடுத்துக் கழுவி வைத்தாள்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குப் பெட்டியைப் படித்துறையில் இறக்கும்வரை அவள் வாசலில் நின்றாள். வந்தவர்களோடு கைகுலுக்கினாள். கூட வருகிறேன் என்ற மேவிஸைப் படகுக்கு அனுப்பிவிட்டுப் பஸ் ஏறி மேல்தட்டில் முன்வரிசையில் உட்கார்ந்தாள். கறுப்புக் கோட்டு, கறுப்புத் தொப்பி. கண்டக்டர் தலையைக் கொஞ்சம் தாழ்த்தி மார்ட்லேக்குக்குச் சீட்டுக் கொடுத்தார்.

பார்ன்ஸ் தாண்டிக் கொஞ்ச தூரம் சாலை ஆற்றை ஒட்டிப் போனது. தண்ணீர் கரையை முட்டி ஏறிக்கொண்டிருந்தது. படகு கண்ணில் படவில்லை. அவள் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

மணி அடித்தது. பஸ் நின்றது. கண்டக்டர் படியேறி வந்தார்.

"மார்ட்லேக் கேட்டீங்களேம்மா. வந்தாச்சு."

கீழே இரண்டு பேர் இறங்கினார்கள். ஒருத்தி கையில் மலர்வளையம். யாரென்று தெரிந்த முகம். வினிஃப்ரெட் கைப்பையைத் திறந்து சில்லறை எடுத்தாள்.

"ரிச்மண்ட் வரைக்கும் குடுங்க."

ரிச்மண்டில் நிலையத்துக்கு எதிரே தேநீர்க்கடை ஒன்று திறந்திருந்தது. சன்னல் பக்கம் இருவர் உட்காரும் மேசை. தேநீரும் திராட்சை ரொட்டியும் கேட்டாள். கொண்டுவந்து வைத்த பெண் அவளுடைய கறுப்பு உடையைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள்.

"நெருங்கின சொந்தமா, கண்ணு?"

"தூரத்துச் சொந்தம்," என்றாள் வினிஃப்ரெட்.

கூட்டம் வர ஆரம்பித்தது. ஒரு மனிதர் நாற்காலி தேடிக்கொண்டு அவள் மேசைப் பக்கம் வந்தார். அவள் தொப்பியைக் கழற்றி எதிர் நாற்காலியின் மேல் வைத்துவிட்டு, ரொட்டியை இரண்டாகப் பிளந்தாள்.