தொப்பியின் நாடா

"நாடாவ மட்டும் வெட்டிடுறேன், தொப்பி அப்படியே—"

"கைய எடுங்க அத்தை! ஒரு இழைய வெட்டினாலும்—"

"தொப்புள்கொடியில முடிச்சு விழுந்து போன பிள்ளைக்கு, தாடைக்குக் கீழ இன்னொரு முடிச்சாடி?"

மாமியார் அல்வில்டாவின் கையில் கத்தரிக்கோல். மர்னாவின் மார்போடு, அவளே பின்னிய சாம்பல்நிறக் கம்பளித் தொப்பி. எட்டாம் மாதத்தில் அசைவு நின்று, உயிரில்லாமலே பிறந்த பிள்ளை முன்னறையில் வெள்ளைப் பெட்டிக்குள் கிடந்தான். பால் கட்டிக்கொண்டு மர்னாவுக்கு மார்பு கல்லாய்க் கனத்தது. மதியம் தேவாலயத்துக்கு எடுத்துப் போக வேண்டும். வெறுந்தலையோடு அவனை அந்த ஈர மண்ணுக்குள் அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை. நாடா கட்டாவிட்டால் தொப்பி அந்தச் சின்னத் தலையில் நிற்காது.

"படிச்சுப் படிச்சுச் சொன்னேன். வயித்துல இருக்கும்போது கம்பளி நூல் சிட்டம் சுத்தாத, நூல் சுத்தினா கொடி சுத்தும்னு. கேட்டியா?"

"அம்மா!" காபிப் பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டு வந்தான் மர்னாவின் கணவன் ஹேயின். "அப்படிப் பாத்தா இந்த ஃபாரோ தீவுல ஒரு பிள்ளையும் உசுரோட பொறந்திருக்காது. கம்பளி சுத்தாத பொம்பள யாரு இங்க? சின்னதா இருக்கும்போது அவனே நீந்திப் புரண்டு, கொடி வளையத்துக்குள்ள பூந்து விழுந்த முடிச்சு. பின்னால இறுகிடுச்சு. யாரும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதுன்னு மருத்துவச்சி சொல்லலையா?"

மர்னாவிடமும் சொன்னாள்தான். காது கேட்டுக்கொண்டது, கை நம்பவில்லை. மழைக்காலம் முழுக்க ஹேயினின் இரு கைகளிலும் சிட்டத்தை மாட்டி, சிரித்துச் சிரித்துப் பந்தாகச் சுற்றிய கை.

"அவ கெடக்கா மருத்துவச்சி. துணி காயப்போடுற கயித்துக்கடியில கூட நான் குனிஞ்சு போனதில்ல. மீன்வலையத் தாண்டினதில்ல. சிட்டத்தத் தொட்டதில்ல. அஞ்சு பிள்ளைக்கும் அப்படித்தான் இருந்தேன்."

"அஞ்சா?" ஹேயின் நிமிர்ந்தான். "நாங்க நாலு பேர்தானேம்மா?"

அல்வில்டா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே மேட்டில் ஆடுகள் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றன.

"உனக்கு முன்னால ஒண்ணு," என்றாள். "உசுரில்லாம பொறந்துச்சு. எனக்குக் கண்ணுல காட்டல. செத்துப்போன வேற யாரோட பெட்டியிலயோ சேத்து வெச்சுப் பொதச்சாங்களாம்."

மர்னா தொப்பியை மார்பிலிருந்து இறக்கி, மேசைமேல் வைத்து, நாடாக்களை நீவி விட்டாள்.

"அதுக்குத் தலையில ஏதாவது போட்டு விட்டாங்களா அத்தை?"