வடக்கே தலை வைக்காத கேலக்ஸிகள்

1
உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை பஸ்ஸில் கிடைத்தது. முன்சீட்டுப் பெண் போனில், "எங்கம்மா பிரபஞ்சத்தையே திருப்பி வச்சுட்டா" என்றாள். அதற்குள் கரிவலம்வந்தநல்லூர் வந்துவிட்டது, இறங்கிவிட்டேன். மீதி என் கைச்சரக்கு.

2
சங்கரன்கோவில் வீட்டில் வடக்கே தலை வைத்துப் படுத்தபடி இசக்கிச்செல்வி லேப்டாப்பை

(வேண்டாம். காரணம் பிறகு.)

நாற்காலியில் உட்கார்ந்து இசக்கிச்செல்வி லேப்டாப்பைத் திறந்தாள். கம்ப்யூட்டருக்குள் உண்டாக்கிய ஒரு பொய்ப் பிரபஞ்சத்தில், அக்கம்பக்கத்து கேலக்ஸிகள் ஒரே திசையில் நீண்டு கிடக்கின்றனவா என்பது அவள் ஆராய்ச்சி. மூன்று வருஷ உழைப்பு. அவள் கண் ஆசைப்பட்டதைத்தான் பார்க்கும் என்பதால், விஷயம் தெரியாத ஒருவர் ஒவ்வொரு படத்தின் மேலும் நீளவாக்கில் கோடு போட வேண்டும். அம்மா முப்பிடாதியம்மாள் முந்நூறு படத்துக்கும் போட்டுக் கொடுத்தாள். அத்தனையும் படத்தில் குறுக்காக, கிழக்கு மேற்காக. இசக்கிச்செல்விக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "கண்டுபிடிச்சாச்சு சார்" என்று பேராசிரியருக்குச் செய்தி அனுப்பிவிட்டாள். பதினொரு மணிக்குக் கூப்பிடுகிறேன் என்றார்.

3
(அம்மாவை அப்பாவியாக எழுத நினைத்தேன். அவள் ஒத்துவரவில்லை.)

"எம்மா, ஒண்ணுகூடவா நெட்டுக்குத்தா இல்ல?"

"பாதி அப்படித்தான் கெடந்துச்சு. எது தலை, எது காலுன்னு தெரியல. வடக்க தலை வச்சிருந்தா என்ன செய்ய? எதுக்கு வம்புன்னு கோட்டைத் திருப்பிப் போட்டுட்டேன்."*

"அதுக ஒண்ணும் படுத்திருக்கலம்மா. கேலக்ஸி."

"யாரா இருந்தா என்ன ஏட்டி. பாத்துட்டு சும்மா இருக்கச் சொல்லுதியா?"

* பிரபஞ்சத்தில் வடக்கே கிடையாது. இதை அவளிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள். நான் வரவில்லை.

4
முடிவு அ: உண்மையைச் சொல்கிறாள். பேராசிரியர் சிரிக்கிறார். (சிரித்த பேராசிரியரை நான் பார்த்ததில்லை.)

முடிவு ஆ: வேறு ஆளை விட்டுக் கோடு போடுகிறாள். கேலக்ஸிகள் ஆளுக்கொரு பக்கம். மூன்று வருஷமும் போச்சு. (மனசு வரவில்லை.)

முடிவு இ: வாயே திறக்காமல் அந்தக் கோடுகளை அப்படியே

5
அந்த அடித்த வரிக்கு வருகிறேன். இசக்கிச்செல்வியை வடக்கே தலை வைத்துப் படுக்கவைக்க எனக்குத் துணிச்சல் இல்லை. எழுதியதுமே எழுப்பி நாற்காலியில் உட்காரவைத்துவிட்டேன். முப்பிடாதியம்மாளைக் கேலி செய்ய நான் யார்? அதனால் முடிவை என்னிடம் விடாதீர்கள். நானும் நல்லபடியாகத் திருப்பிப் போட்டுவிடுவேன்.

மணி பதினொன்று. போன் அடிக்கிறது. அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்க்கிறாள். இசக்கிச்செல்வி உங்களைப் பார்க்கிறாள். அவளை எந்தப் பக்கமும் திருப்பாமல் பேசவிட முடியும் என்றால், போனை எடுத்துக் கொடுங்கள்.