கன்னத்துக்கு ஒரு நிறம்

நான்காவது பலகைக்கு இரண்டாம் பூச்சு போட்டுக்கொண்டிருந்தபோது வாசலில் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. சின்னவள் தூரிகையைக் கீழே வைக்கவில்லை. பாதியில் நிறுத்தினால் காய்ந்த இடத்துக்கும் ஈரமான இடத்துக்கும் நடுவே கோடு விழும்; பிறகு எவ்வளவு தேய்த்தாலும் போகாது. பிரைமர் என்கிற வெள்ளை அடிப்பூச்சில் கொஞ்சம் சாம்பல்பச்சை நிறமும் நுரைக்கல் தூளும் கொட்டிக் குழைத்து, தூரிகையில் ஏந்தினால் வழியாத பதத்துக்குக் கொண்டுவந்திருந்தாள். இடமிருந்து வலமாக ஒரு முறை, மேலிருந்து கீழாக ஒரு முறை. காய்ந்த பிறகு விரலால் தடவினால் இரண்டு நாள் சவரம் செய்யாத கன்னம்போல இருக்க வேண்டும். அந்தச் சொரசொரப்பில்தான் பேஸ்டல் வண்ணக் குச்சியின் தூள் பிடித்து உட்காரும். வழவழப்பான அட்டையில் எவ்வளவு அழகாக வரைந்தாலும், ஒரு தட்டுத் தட்டினால் பாதி ஓவியம் தரையில் கிடக்கும்.

பெரியவள் உள்ளே வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், நான்கு பலகைகளையும் பார்த்தாள். அவளுக்கு ஐம்பத்து நான்கு வயது. நரைத்த முடியை ஆண்பிள்ளைபோல வெட்டிக்கொண்டிருந்தாள். அது அவளுக்கு நன்றாகவே இருந்தது.

"என்னடி, பச்சையும் இல்லாம சாம்பலும் இல்லாம ஒரு நிறம்? நான் செங்கல் நிறத்துலதானே கேட்டேன்."

அடியில் செங்கல் நிறம் இருந்தால் முகம் ஆரோக்கியமாக வந்துவிடும் என்று சின்னவள் சொன்னாள். பெரியவள் ஒரு கணம் யோசித்தாள். பிறகு, சரி, நீதானே இதில் ஊறிப்போனவள் என்று சொல்லிவிட்டுச் சூட்கேசை இழுத்துக்கொண்டு தன் பழைய அறைக்குப் போனாள்.

ஊறிப்போனவள் என்பது உண்மைதான். சின்னவள் ஒரு ஃப்ரேம் கடையில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறாள். அட்டை வெட்டுவது, கண்ணாடி பொருத்துவது, பேஸ்டல் வரைகிறவர்களுக்குப் பலகை தயார் செய்து தருவது எல்லாம் அவள்தான். அவள் பூசிய பலகை வேண்டுமென்று ஒரு மாதம் காத்திருப்பவர்களும் உண்டு. ஆனால் இரண்டு பெண்களும் ஓவியக் கல்லூரிக்கு விண்ணப்பம் வாங்கிய வீடு அது. பெரியவள் சேர்ந்தாள். மூன்று வருடம் கழித்துச் சின்னவள் விண்ணப்பத்தை நிரப்பி வைத்திருந்தபோது அம்மா இறந்தாள். வீட்டைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் தேவைப்பட்டது. "ஒரு வீட்டுக்கு ஒரு ஓவியர் போதும்மா, சுவர் தாங்காது" என்று அப்பா சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் நல்ல மனிதர்தான். அந்தச் சிரிப்பில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. அதனாலேயே அதை எதிர்த்துப் பேச அவளுக்கு வழி தெரியாமல் போயிற்று.

அப்பா பஸ் டிப்போவில் டைம் கீப்பர். எந்த பஸ் எத்தனை நிமிடம் தாமதம் என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தவர். ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் காலையில் பக்கவாதம் வந்து, வலது கையும் வலது காலும் விழுந்தன. வலது கன்னம் தொங்கிப்போயிற்று. பேச்சில் மிஞ்சியது ஒரே சொல்: "சரி." பசிக்கிறதா என்றால் சரி, வலிக்கிறதா என்றால் சரி, வேண்டாமா என்றாலும் சரி. எந்தச் சரிக்கு என்ன அர்த்தம் என்று பிரித்தறியச் சின்னவளுக்கு ஒரு வருடம் பிடித்தது. அப்படி ஒன்பது வருடம். அதில் பெரியவள் வந்தது மூன்று முறை. அவள் இருந்த ஊர் தூரம், வேலை அப்படி, பிறகு பெயரும் வந்துவிட்டது. போன வருடம் அப்பா போனபோது காரியம் முடிந்த மறுநாள் வந்து, அவருடைய கட்டிலில் உட்கார்ந்து நிஜமாகவே அழுதாள்.

இப்போது அவளுடைய ஓவியங்களுக்குத் தனிக் கண்காட்சி. நடுச் சுவரில் அப்பாவின் முகம் பெரிய அளவில் இருக்க வேண்டும். அதை இந்த வீட்டில்தான் வரைய வேண்டும் என்று தொலைபேசியில் சொல்லியிருந்தாள். பலகை தயார் செய்கிற பொறுப்பு உன்னுடையது, வேறு யாரையும் நம்ப முடியாது என்றும் சொன்னாள். அந்த வார்த்தைக்காகச் சின்னவள் கடையில் ஒரு வாரம் விடுப்பு எடுத்தாள்.

மறுநாள் பலகைகள் காய்ந்துகொண்டிருக்க, சாப்பாட்டு மேசையில் பழைய போர்வையை விரித்து இருவரும் பேஸ்டல் குச்சிகளைப் பரப்பினார்கள். இருநூறு குச்சிகளுக்குமேல் இருக்கும். முதலில் கோடு இழுப்பதற்குக் கெட்டியான குச்சிகளைத் தனியே எடுத்து வைத்தார்கள். மென்மையானவற்றைக் கடைசியில்தான் தொட வேண்டும். ஆரம்பத்திலேயே வெண்ணெய்போலத் தேய்த்துவிட்டால் பலகையின் சொரசொரப்பு அடைந்துபோய், மேலே வேறு நிறம் ஏறாது. சின்னவள் ஒவ்வொன்றாகக் காகித உறையைக் கிழித்து, பாதியாக உடைத்து, அரிசிமாவில் புரட்டிப் பழைய அழுக்கை எடுத்தாள். பிறகு துண்டுப் பலகை ஒன்றில் ஒவ்வொரு நிறத்தையும் ஒரு விரல் அகலத்துக்குத் தேய்த்துப் பார்த்தார்கள். குச்சியாகப் பார்க்கிற நிறம் வேறு, பலகையில் ஏறுகிற நிறம் வேறு.

பெரியவள் கேட்கக் கேட்கச் சின்னவள் எடுத்துக் கொடுத்தாள். கண்ணுக்குக் கீழே? மங்கின ஊதா. நெற்றி ஓரம்? பச்சை கலந்த மஞ்சள், ஆனால் அழுத்தாமல். உதடு? உதட்டுக்குச் சிவப்பே வேண்டாம், இந்தக் காய்ந்த மண் நிறம் போதும். யோசிக்காமலேயே கை போயிற்று. ஒருநாள் விட்டு ஒருநாள், ஒன்பது வருடம், அந்த முகத்துக்குச் சோப்பு நுரை தடவிச் சவரம் செய்தவள் அவள். தொங்கிய கன்னத்தை இடது கைக் கட்டைவிரலால் மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டால்தான் பிளேடு வெட்டாமல் போகும். விரலை எடுத்ததும் அந்த இடத்தில் ரத்தம் திரும்பி வருவதற்கு முன் ஒரு நிறம் தெரியும். மெழுகும் இல்லை, சாம்பலும் இல்லை. அந்த நிறம் பெட்டியில் இல்லை.

"இல்லேன்னா செஞ்சிடு" என்றாள் பெரியவள். சாதாரணமாகத்தான் சொன்னாள்.

சின்னவள் உடைந்த துணுக்குகளிலிருந்து காவி கொஞ்சம், சாம்பல் கொஞ்சம், ஊதா ஒரு சிட்டிகை எடுத்துக் கண்ணாடித் துண்டின்மேல் நசுக்கி, சுண்ணாம்புத் தூள் சேர்த்து, பசைத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக விட்டுப் பிசைந்து, செய்தித்தாளில் உருட்டிக் காயவைத்தாள். முதல் குச்சி எலும்புபோல இறுகிவிட்டது, பசை அதிகம். இரண்டாவது தொட்டதும் உதிர்ந்தது. மூன்றாவது சரியாக வந்தது. ஈரத்தில் அடர்த்தியாகத் தெரிகிற நிறம் காய்ந்தால் வெளுக்கும். எவ்வளவு வெளுக்கும் என்பது கைக்குத்தான் தெரியும். மறுநாள் காலையில் அதைத் துண்டுப் பலகையில் தேய்த்துப் பார்த்தாள். அப்பாவின் கன்னம் அங்கே இரண்டு அங்குலத்துக்கு இருந்தது.

அதைக் காட்டுவதற்காகப் பெரியவளின் அறைக்குப் போனாள். கதவு பாதி திறந்திருந்தது. பெரியவள் கண்காட்சிக் கூடத்துக்காரரிடம் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தாள். அறிமுகக் குறிப்பை மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக எழுதிக்கொள்ளச் சொல்லிக்கொண்டிருந்தாள்: அப்பாவின் படுக்கை அருகே ஒன்பது ஆண்டுகள். ஒரு முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தன்னை இழப்பதை, ஒரு மகளாக, பக்கத்திலேயே இருந்து பார்த்தது.

சின்னவள் திரும்பி வந்துவிட்டாள். குச்சியை மற்றவற்றோடு சேர்த்துத் தட்டில் வைத்தாள்.

அன்று பதினொரு மணிக்குப் பெரியவள் பலகையை ஓவியத் தாங்கியில் சாய்த்து, கெட்டிக் குச்சியால் முதல் கோடுகளை இழுத்தாள். பார்த்து வரைவதற்குக் கைபேசியில் ஒரு படம் வைத்திருந்தாள். கடைசி முறை வந்தபோது அப்பாவோடு கன்னத்தோடு கன்னம் வைத்து அவளே எடுத்துக்கொண்டது. சின்னவள் தண்ணீர் கொண்டுவந்து வைக்கும்போது அந்தப் படத்தைப் பார்த்தாள். இடது பக்கம் இருக்க வேண்டிய அப்பாவின் சட்டைப் பை வலது பக்கம் இருந்தது. தன்னைத்தானே எடுக்கிற படத்தைக் கைபேசி கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பிக் காட்டும் என்பது அவளுக்குத் தெரியும். கடைக்கு ஃப்ரேம் போட வருகிற படங்களில் வாரத்துக்கு ஒன்று அப்படி வரும். தாங்கியைப் பார்த்தாள். பலகையில் அப்பாவின் இடது கன்னம் தொங்கிக்கொண்டிருந்தது.

வெறும் கோடுகள்தான். ஈரத் துணியால் ஒரு துடைப்பு, மறுபடி ஆரம்பித்துவிடலாம். சின்னவள் வாயைத் திறந்தாள். பெரியவள் திரும்பாமலே, "அந்தக் கன்னத்துக் குச்சியை எடு, செஞ்சியே, அது" என்று கையை நீட்டினாள். சின்னவள் எடுத்துக் கொடுத்தாள்.

நான்கு நாள் பெரியவள் வரைந்தாள். பார்க்கப் பார்க்கச் சின்னவளுக்குப் பொறுக்க முடியவில்லை, ஏனென்றால் அது நன்றாக வந்துகொண்டிருந்தது. ஏதோ கைக்கு வந்ததைப் பூசி, பெயரை வைத்து ஒப்பேற்றுவாள் என்று நினைத்திருந்தாள். அப்படி இல்லை. எடுத்துக் கொடுத்த ஒவ்வொரு நிறத்தையும் பெரியவள், சின்னவளால் நினைத்துப் பார்த்திருக்கவே முடியாத இடத்தில் வைத்தாள். அப்பாவின் கண்ணில் எதற்கும் சரி என்று சொல்லிவிட்டுக் காத்திருக்கிற அந்தப் பார்வை வந்தேவிட்டது. ஒரு வீட்டுக்கு ஒரு ஓவியர் போதும் என்பது சரியான கணக்குத்தானோ என்று, குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, சின்னவள் அழுதாள். வெளியே வந்தபோதும் பக்கம் மாறியிருக்கிறது என்று சொல்லவில்லை. படத்தைக் கடைக்குக் கொண்டுபோய், தூள் கண்ணாடியில் ஒட்டாதபடி இடைவெளி விட்டு, ஃப்ரேம் போட்டவளும் அவள்தான்.

கண்காட்சிக்கு இரண்டு நாள் முன்பு, அப்பாவுக்கு வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்த பிசியோதெரபிஸ்டைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். வாரத்துக்கு மூன்று நாள் வந்துபோனவர். அப்பாவின் படம் வைக்கிறார்கள், நீங்கள் அவசியம் வர வேண்டும் என்றாள். ஏன் கூப்பிடுகிறோம் என்று தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும்.

திறப்பு விழாவில் நல்ல கூட்டம். நடுச் சுவரில் அப்பா. பக்கத்தில் அந்த ஒன்பது ஆண்டுகள் குறிப்பு அச்சடித்து ஒட்டியிருந்தது. ஒரு பெண்மணி பெரியவளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, எவ்வளவு பொறுமை உங்களுக்கு என்று கண் கலங்கினாள். பெரியவள் சின்னவளை இழுத்துப் பக்கத்தில் நிறுத்தி, என் தங்கை, பலகையெல்லாம் இவள்தான் தயார் செய்தாள், பெரிய உதவி என்றாள்.

பிசியோதெரபிஸ்ட் ஆறு மணிக்கு வந்தார். படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். அவர் நல்ல மனிதர். எதையும் மனதில் வைத்துக்கொண்டு பேசத் தெரியாது.

"அப்படியே சாரை உட்கார வச்ச மாதிரி இருக்கு. ஆனா அவருக்கு வலது பக்கம்தானே விழுந்தது? அந்தக் கன்னத்தைத்தானே நான் வர்றப்பல்லாம் நீவி விடுவேன். இதுல இடது பக்கம்ல தொங்குது?"

பேசிக்கொண்டிருந்த நாலைந்து பேர் திரும்பினார்கள். ஒருவர் படத்தைப் பார்த்தார், பக்கத்திலிருந்த குறிப்பைப் பார்த்தார், பிறகு பெரியவளைப் பார்த்தார். பெரியவள் சிரித்தபடி, கலையில் பக்கம் என்று ஒன்று கிடையாது என்பதுபோல ஏதோ சொன்னாள். சிலர் தலையாட்டினார்கள். அவள் சின்னவளின் முழங்கையைப் பிடித்து, பெட்டிகளும் கயிறும் கிடந்த பின்னறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்போலேர்ந்து?"

"முதல் கோடு போட்டப்பவே."

பெரியவளின் முகத்தில் பூசியிருந்த பவுடருக்கு அடியில் ரத்தம் வடிந்துபோவது தெரிந்தது. "அப்புறம் ஏன்டி சொல்லல?"

"நீ கேக்கலையே அக்கா. நிறத்தைத்தான் கேட்ட. எல்லாத்தையும் எடுத்துக் குடுத்தேன்."

பல நாளாக மனதுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்த வாக்கியம் அது. சொன்னதும் தீர்ந்துவிட்டது. பின்னால் வருமென்று அவள் எதிர்பார்த்திருந்த நிம்மதி வரவில்லை. பெரியவள் கத்தவில்லை. ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்தாள்.

"என்னைச் சபையில நிக்க வைக்கணும்னு நெனச்ச, சரி. நான் போட்ட குறிப்பு பொய்தான், சரி. அதுக்கு அப்பா மூஞ்சிதான் கெடச்சுதா உனக்கு?"

இனி யார் பார்த்தாலும், எந்தப் புத்தகத்தில் அச்சானாலும், அப்பா இப்படித்தான் இருப்பார். அதை அனுமதித்தவள் அவள். கட்டைவிரலால் இழுத்துப் பிடித்திருந்த அந்தக் கன்னத்தை அவளே விட்டுவிட்டாள்.

வெளியே யாரோ பெரியவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். கூட்டம் கிளம்புகிறது, விடைபெற வேண்டும். பெரியவள் எழுந்து, புடவையைத் தட்டிக்கொண்டு போனாள். கொஞ்ச நேரம் கழித்துச் சின்னவள் கதவைத் திறந்து பார்த்தபோது கூடம் அநேகமாகக் காலியாகியிருந்தது. விளக்குகளைப் பாதி அணைத்திருந்தார்கள். பெரியவள் மட்டும் நடுச் சுவரின் முன்னால், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். கண்ணாடியில் அவளுடைய முகம் அப்பாவின் முகத்தின்மேல் விழுந்திருந்தது. அவள் வலது கையைத் தூக்கித் தன் கன்னத்தில் வைத்தாள். எடுத்தாள். யோசித்தாள். மறு கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.