அழவில்லை, கண் உலர்ந்திருக்கிறது

என் மாமியார் ஸ்டமென்காவுக்குச் சாவைக் கண்டால்கூடப் பயமில்லை, குறுக்குக் காற்றைக் கண்டால்தான் பயம். அக்டோபர் பிறந்ததும் லெஸ்கோவாட்ஸ் ஊரில் எங்கள் வீட்டின் ஜன்னல் இடுக்கெல்லாம் பஞ்சுப் பட்டை ஒட்டிவிடுவாள். அதன்பின் ஏப்ரல் வரை வீடு ஒரு மூடிய டப்பாதான். உள்ளே அவள், நான், எந்நேரமும் சூடாக ஊதிக்கொண்டிருக்கும் ஹீட்டர். என் கணவன் நெபொய்ஷா ஆஸ்திரியாவில், லின்ஸ் நகரத்தில், சுவர் பூச்சு வேலை பார்க்கிறான். நான் வேலை பார்த்த துணி ஆலையை மூடிவிட்டார்கள். அதற்கப்புறம் எனக்குப் போக்கிடம் சந்தையும் அடுப்படியும்தான்.

இப்படி அடைந்து கிடந்த இரண்டாவது குளிர்காலத்தில் என் கண் எரிய ஆரம்பித்தது. மணல் விழுந்த மாதிரி உறுத்தும். காலையில் இமையைப் பிரிக்க முடியாது. எரிச்சல் ஏற ஏறப் பொலபொலவென்று தண்ணீர் கொட்டும். எங்கள் ஊரில் கண்ணுக்கு ஒரே மருந்துதான், சீமைச்சாமந்திக் கஷாயம். மாமியார் பஞ்சில் நனைத்து நனைத்துக் கொடுத்தாள், நானும் ஒற்றி ஒற்றி எடுத்தேன். ஒற்ற ஒற்ற இன்னும் எரிந்ததே தவிர அடங்கவில்லை.

"அழாதடி பொண்ணே," என்பாள் மாமியார். "புருஷன் வெளிநாட்டுல இருந்தா எல்லாருக்கும் இப்படித்தான்."

"அழலை அத்தை, கண்ணு எரியுது."

"ஆமா ஆமா, எரியும் எரியும்."

மேல்மாடி விதோசவா அக்காவோ ஒருபடி மேலே போய்விட்டாள். நெபொய்ஷா லின்ஸில் எவளையோ சேர்த்துக்கொண்டான், அதனால்தான் யாஸ்னா, அதாவது நான், நாளெல்லாம் அழுகிறேன் என்று மாடிப்படி முழுக்கப் பரப்பினாள். ரொட்டிக் கடையில் என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றுவிடும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

போனில் என் முகத்தைப் பார்த்து நெபொய்ஷா துடித்துப்போவான். "யாஸ்னா, அழாத. இனிமே உன்னை அங்க விட்டு வைக்க மாட்டேன். ஜனவரியில நம்ம வீட்டுப் புனிதர் நாளுக்கு வர்றேன்ல, திரும்பிப் போகும்போது நீயும் கூட வர்ற. தனி அறை பேசியாச்சு."

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் மூச்சு விட்டேன். லின்ஸில் எனக்கு ஆற்றங்கரையோ அரண்மனையோ வேண்டாம். நானே திறந்து நானே மூடுகிற ஒரு ஜன்னல் போதும்.

நவம்பரில் படிக்கட்டு இரண்டு இரண்டாகத் தெரிந்து சறுக்கி விழுந்தேன். அப்புறம்தான் கண் மருத்துவரிடம் போனேன். இலிச் என்று ஒரு அம்மாள், கத்தரித்தாற்போல் பேசுபவள். ஏதோ ஒரு சாயத்தைக் கண்ணில் விட்டு, விளக்கு வைத்துப் பார்த்தாள்.

"கண்ணு காஞ்சு கிடக்கும்மா."

"காஞ்சு கிடக்கா? குடம் குடமா கொட்டுது டாக்டர்!"

"அதனாலதான் கொட்டுது. சூப்புக்கு மேல கொழுப்பு மிதக்கலைன்னா சீக்கிரம் ஆறிடுமில்ல? கண்ணீருக்கு மேலயும் அப்படி ஒரு எண்ணெய்ப் படலம் வேணும். உங்க இமையில அந்த எண்ணெய் வர்ற வாய் அடைச்சிருக்கு. கண்ணு காயுது, எரியுது. எரிச்சல் தாங்காம அவசரத்துக்குத் தண்ணியைக் கொட்டுது. அந்த வெறுந்தண்ணி கண்ணுல நிக்காது."

வெந்நீரில் நனைத்த துணியைத் தினமும் பத்து நிமிஷம் இமைமேல் வைக்க வேண்டும், பிறகு இமையை மெல்ல நீவிவிட வேண்டும். சொட்டு மருந்தை விடாமல் போட வேண்டும், அதுவும் பல மாதம். போனைப் பார்க்கும்போது முழுசாகச் சிமிட்ட வேண்டும். ஹீட்டர் காற்று முகத்தில் படக் கூடாது, ஜன்னலைக் கொஞ்ச நேரமாவது திறக்க வேண்டும். சீமைச்சாமந்தியை இனிக் கண் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

"அடியோட போகாது, ஆனா அடங்கி இருக்கும்," என்றாள்.

எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே! வியாதி வந்ததற்கு இப்படிக் குதித்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். நேராக விதோசவா அக்கா வீட்டுக் கதவைத் தட்டினேன். "அக்கா, நல்லாக் கேட்டுக்கோங்க. நான் அழலை. ஒரு நாளும் அழுததில்லை. இது காஞ்ச கண்ணு. டாக்டரே சொல்லிட்டாங்க." ரொட்டிக் கடையிலும் உரக்கச் சொன்னேன். இரவு போனில் நெபொய்ஷாவிடமும் சொன்னேன். "அட, அவ்வளவுதானா!" என்று வாய்விட்டுச் சிரித்தான். நானும் சிரித்தேன்.

மாமியாருக்கு ஜன்னல்தான் விஷம். "திறந்தா என் சிறுநீரகம் போயிடும்!" என்று இடுப்பில் கம்பளி சுற்றிக்கொண்டு போராடினாள். அவள் கோயிலுக்குப் போகும் நேரம் பார்த்துப் பட்டையைப் பிய்த்துத் திறப்பேன், வருவதற்குள் திரும்ப ஒட்டிவிடுவேன். ஹீட்டரை வேறு பக்கம் திருப்பி, பக்கத்தில் ஈரத் துண்டைத் தொங்கவிட்டேன். ஜனவரிக்குள் கண் தெளிந்தது. பெட்டியும் கட்டிவிட்டேன். கட்டிலுக்கு அடியில் தயாராக இருந்தது.

எங்கள் வீட்டுப் புனிதரான யோவான் நாளன்று வீடு நிறையச் சனம். மெழுகுவர்த்தி எரிந்தது. நெபொய்ஷா ரொட்டியை வெட்டி ஒயின் ஊற்றினான். நான் கோதுமையும் வால்நட்டும் தட்டில் வைத்து ஒவ்வொருவருக்கும் நீட்டினேன். விதோசவா அக்கா என் முகத்தை உற்று உற்றுப் பார்த்தாள். பார்க்கட்டுமே, கண் பளிச்சென்று இருக்கிறது.

விருந்தாளிகள் போனபின் அடுப்படியில் அவனிடம் கேட்டேன். "பஸ் எப்போ?"

"எனக்கு ஞாயித்துக்கிழமை."

"எனக்கு?"

அவன் துடைத்த தட்டையே மறுபடி துடைத்தான். "நீ சரியாயிட்ட இல்ல யாஸ்னா. உன் அழுகையைப் பார்த்துத்தான் நான் அந்த அறையைப் பேசினேன். ராத்திரி தூக்கம் வராது எனக்கு. நீ வெறும் கண்ணுதான்னு சொன்னதும் பெரிய பாரம் இறங்குச்சு. அறை வேண்டாம்னு சொல்லிட்டேன். அம்மாவைக் குளிர்ல தனியா எப்படி விடறது? அடுத்த வருஷம் பார்ப்போம்."

"நான் வரணும் நெபொய்ஷா. என்னால இங்க முடியல."

"நீதானே சொன்ன, ஒரு நாளும் அழுததில்லைன்னு? ஊருக்கே சொன்னியாமே, விதோசவா அக்கா சொன்னாங்க."

என் வாயாலேயே கதவைச் சாத்திவிட்டு, சாவியையும் வீடு வீடாகப் போய்க் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன், முட்டாள்! கண்ணில் தண்ணீர் திரண்டு கன்னத்தில் இறங்கியது. உறுத்தவில்லை, எரியவில்லை. அவன் லின்ஸ் போனதிலிருந்து முதல் தடவையாக அழுதேன்.

நெபொய்ஷா தட்டைப் போட்டுவிட்டு ஓடி வந்தான்.

"அம்மா! யாஸ்னாவோட மருந்து எங்க? மறுபடி ஆரம்பிச்சிடுச்சு!"

"நான் அழறேன் நெபொய்ஷா."

"தெரியும் தெரியும், எரியுது. இதோ போயிடும்."

மாமியார் சின்ன புட்டியோடு வந்தாள். வந்த கையோடு ஜன்னல் பட்டையையும் ஒரு தரம் அழுத்திப் பார்த்தாள். அவன் என்னை நாற்காலியில் உட்காரவைத்து, தலையைப் பின்னால் சாய்த்து, பூப்போல இமையை விலக்கி, ஒவ்வொரு கண்ணிலும் ஒரு சொட்டு விட்டான். அவ்வளவு பிரியமாகத்தான் செய்தான்.

"சிமிட்டு," என்றான். "முழுசா சிமிட்டு."

சிமிட்டினேன்.