கண்மாய்க்குள் விழுந்த அம்பு

2025ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் இருபத்தேழாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறேகால் மணி. கீரனூரிலிருந்து குளத்தூர் போகும் வழியில், ஒரு பெரிய கண்மாயின் வெளிக்கரையை ஒட்டிய தரிசு வயலில், வைஷ்ணவி என்னும் இருபத்தெட்டு வயதுப் பெண் சக்கரங்களும் கேபிளும் பூட்டிய காம்பவுண்ட் வில்லைக் கையில் ஏந்தி நின்றாள். ஐம்பது மீட்டருக்கு அப்பால் இலக்கு அட்டை. அதன் பின்னால் இரண்டு ஆள் உயரத்துக்குக் கண்மாய்க் கரை. உடனிருந்தவன் அவள் கணவன் பிரசாந்த் ஒருவனே. கரைக்கு மறுபக்கம் அன்றைக்கு ஆட்கள் கூடியிருப்பார்கள் என்பது இருவருக்குமே தெரியாது.

அடுத்த ஞாயிறு மாநில வில்வித்தை அணிக்கான தேர்வு. முப்பது மீட்டரில் ஒன்றோடொன்று உரசி நின்ற அவளுடைய அம்புகள் ஐம்பது மீட்டரில் சோர்ந்து, கீழே சிதறின. பிரசாந்த் திருச்சியில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்பு வேலை பார்ப்பவன். முந்தைய நாள் முழுவதும் வில்லைப் பிரித்து மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். மேலும் கீழும் இருந்த இரண்டு முறுக்காணிகளையும் ஆலன் கீயால் சம அளவு உள்ளே முறுக்கி, வில்லின் இழுவிசையைக் கூட்டினான். இரண்டு சக்கரங்களும் ஒரே நொடியில் உருண்டு நிற்கும் வரை கேபிளுக்கு முறுக்கேற்றினான். அம்பு அமரும் தாங்கியை மயிரிழை நகர்த்தினான். வேலை வீண்போகவில்லை. காலையில் எய்த முதல் இரண்டு அம்புகளும் மஞ்சள் வட்டத்துக்குள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன.

“பாத்தியா? கோடு போட்ட மாதிரி போகுது” என்றான் பிரசாந்த்.

“போகுதுங்க. ஆனா இழுக்கத்தான் உசுரு போகுது.”

“நேத்து ரெண்டு இட்லியோட எந்திரிச்சா அப்படித்தான். இழு.”

மூன்றாம் அம்பைத் தொடுத்தாள். நாண் பாதி வழியிலேயே மறுத்தது. தோள் நடுங்கியது. வில் ஏந்திய கையை வானத்தை நோக்கி உயர்த்தி, உடம்பின் பாரத்தையெல்லாம் கொடுத்து இழுத்தாள். அப்படி இழுக்கக்கூடாது என்பது பயிற்சிக் களத்தின் முதல் நாள் பாடம்.

“கையத் தூக்காத வைஷு! எறக்கு!”

இறக்குவதற்குள் கட்டைவிரல் நாணை விடுவிக்கும் விசையைத் தொட்டுவிட்டது. அம்பு இலக்குக்கு மேலே, கரைக்கு மேலே, கரையில் நின்ற பனையின் தலைக்கும் மேலே பறந்து மறைந்தது.

அடுத்த கணம், கரைக்கு மறுபக்கத்திலிருந்து நூற்றுக்கணக்கான குரல்கள் ஒன்றாய் எழுந்தன.

கூட்டமாய் மனிதர்கள் அலறுவதற்கு ஒரே காரணம்தான் வைஷ்ணவிக்குத் தோன்றியது. வில்லை மண்ணில் போட்டாள். செருப்பில்லாமலே கரையேறினாள். பாதி ஏற்றத்தில் கருவேல முள் குதிகாலில் ஏறியது. அதைப் பிடுங்கக்கூட நிற்கவில்லை.

மேலே சென்று பார்த்தாள். கண்மாய் முழுவதும் மனிதர்கள். வற்றி முழங்கால் அளவுக்கு நின்ற நீருக்குள், ஊத்தா என்னும் அடியில்லாத மூங்கில் கூடைகளோடும் கச்சா வலைகளோடும், நாலா பக்கத்திலிருந்தும் ஆணும் பெண்ணும் இறங்கிப் பாய்ந்துகொண்டிருந்தார்கள். மடைமேல் நின்ற ஊர்ப் பெரியவர் ரெங்கசாமி, அதுவரை சத்தமின்றிக் காத்திருந்தவர்களுக்கு அடையாளமாக அப்போதுதான் வெள்ளைத் துண்டை வீசி முடித்திருந்தார். மீன்பிடித் திருவிழா. கேட்டது அலறல் அன்று, ஆரவாரம்.

“மீன்பிடி அடுத்த வாரம்னுல்ல சொன்னாங்க?” பிரசாந்துக்கு மூச்சு வாங்கியது. “தண்ணி வத்துதுன்னு முன்னுக்கு இழுத்துட்டாங்க போல.”

“அம்பு எங்க?”

“அது விழுந்தப்ப தண்ணிக்குள்ள ஒருத்தரும் இல்ல. அதுக்குப் பெறகுதான் எறங்குனாங்க. யாருக்கும் ஒண்ணும் இல்ல. வா, கீழ போவோம்.”

அவள் அசையவில்லை. கரையில் நின்றபடியே பனையையும் எதிர்க்கரைக் கோயில் மணியையும் கண்ணால் கோடிட்டுப் பார்த்தாள். அந்தக் கோட்டில் எங்கோ, சேற்றில் அம்பு இருக்கிறது. ஊத்தாவைக் குத்தியவர்கள் அதன் மேல்வாய் வழியே தோள்வரை கையை விட்டுத் துழாவுகிறார்கள். எல்லாரும் வெறுங்கால். கார்பன் அம்பு மிதிபட்டு முறிந்தால் ஊசி ஊசியாய்ப் பிளக்கும். சதைக்குள் போன சிம்பு தானாக வெளியே வராது.

“சொல்லிருவோம்ங்க.”

“சொன்னா என்ன ஆகும்? ஊரே வருசம் பூரா காத்துக் கெடந்து எறங்கியிருக்கு. நிறுத்தச் சொன்னா நம்மள உரிச்சிருவாங்க. போலீஸு கேஸுன்னு போனா ஒன்ன அடுத்த வாரம் தேர்வுல உள்ளயே விடமாட்டாங்க.” குரலைத் தாழ்த்தினான். “சேத்துல ஆழமா எறங்கியிருக்கும் வைஷு. கும்புடுறேன், சும்மா இரு.”

சும்மாதான் இருந்தாள். அதுவே அவளுக்கு அச்சத்தை மேலும் ஊட்டியது. நீருக்குள் யாராவது திடுக்கென்று நிமிர்ந்தால் அவள் உயிரும் சேர்ந்து நிமிர்ந்தது. ஒரு பெண் கத்தினாள். விரால் கையிலிருந்து நழுவியதற்கான கத்தல். ஒருவன் விழுந்தான், சிரித்துக்கொண்டே எழுந்தான்.

அப்போது அந்தக் கோட்டின் நடுவிலிருந்து ஓர் ஆள் நொண்டிக்கொண்டு கரையேறினான். ராக்கன். செங்கல் சூளையில் வேலை பார்ப்பவன். ஒரு கையில் நாலு விரால், மறு கையில் ஊத்தா, முகம் நிறையச் சிரிப்பு.

“கெளுத்தி குத்திருச்சு அத்தாச்சி! வெடுக்குனு ஏத்திருச்சு!”

கரையில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த பொன்னுத்தாய், “நீ அதைப் பிடிக்கப் போன, அது ஒன்னயப் பிடிச்சிருச்சா? நல்ல ஆம்பளடா” என்று சுருக்குப்பையை அவிழ்த்தாள். “காலக் காட்டு, சுண்ணாம்பு வைக்கிறேன். பொழுதுக்குள்ள எறங்கிரும்.” வைஷ்ணவியை நிமிர்ந்து பார்த்தாள். “என்ன மருமகளே, மீனு வாங்க வந்தியா? மூஞ்சி ஏன் வெளுத்துக் கெடக்கு?”

வைஷ்ணவி குனிந்தாள். உள்ளங்காலில் இரண்டு அங்குல நீளத்துக்குக் கிழிசல். இரத்தமும் சேறும் வழிந்த இடத்தில், மயிரைப் போல ஒரு கறுப்பு நார் நீட்டிக்கொண்டிருந்தது. கெளுத்தி முள் கறுப்பாக இராது.

பொன்னுத்தாயின் விரல் நுனியில் சுண்ணாம்பு. பிரசாந்த் பின்னாலிருந்து மனைவியின் சேலை முந்தானையைப் பிடித்து இழுத்தான். எல்லாரும் கெளுத்தி என்றே நம்புவார்கள். அவள் வாயைத் திறக்காவிட்டால் எவருக்கும் எந்நாளும் தெரியாது. ராக்கனின் கால் மட்டும் உள்ளுக்குள் சீழ் வைக்கும்.

“சுண்ணாம்பு வைக்காதீங்க அயித்தை.” அவள் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. “அது கெளுத்தி இல்ல. என் அம்பு.”

“எந்த அம்பு?”

“நான் வயல்ல இருந்து விட்டேன். கரையத் தாண்டி உள்ள விழுந்துருச்சு. முறிஞ்சிருக்கு. சிம்பு காலுக்குள்ள இருக்கு. மிச்சம் அங்கதான் கெடக்கு.”

ராக்கனின் சிரிப்பு மெல்ல வடிந்தது. காலைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். “நான் அப்பவே நெனச்சேன், இந்தக் கெளுத்தி ரொம்பத் தடியாக் குத்துதேன்னு” என்றான். யாரும் சிரிக்கவில்லை.

பொன்னுத்தாய் வெற்றிலையைத் துப்பினாள். “அடிப்பாவி! எந்நேரமா இங்கன நிக்கிற? இப்பத்தான் வாய் தொறந்துச்சா?”

வைஷ்ணவி மடையை நோக்கி ஓடினாள்.

ரெங்கசாமி முழுவதையும் கேட்டார். “துண்ட வீசுன பெறகு நிறுத்துறதுக்கு நான் என்ன டிராபிக் போலீசா?” என்று சீறினார். சீறிக்கொண்டே ஒலிபெருக்கியை எடுத்தார். “பனமரத்துக்கு நேரா நிக்கிற ஆளுக அத்தன பேரும் அங்கிட்டும் இங்கிட்டும் வெலகுங்க! தண்ணிக்குள்ள அம்பு கெடக்கு! காலத் தூக்கி வைங்க!” முதல் அறிவிப்புக்கு எவரும் அசையவில்லை. “ராக்கன் காலு போச்சுடா!” என்றபோதுதான் அந்த இடம் பிளந்து வெறிச்சோடியது. நல்ல விரால் கிடந்த இடம் அது. விலகியவர்கள் சொன்ன வசவுகளை வைஷ்ணவி ஒன்று விடாமல் கேட்டாள்.

பிரசாந்த் வயலுக்குப் போட்டு வந்திருந்த ரப்பர் பூட்ஸை வாங்கி மாட்டிக்கொண்டு அவளே நீருக்குள் இறங்கினாள். கழியால் தட்டித் தட்டி ஒவ்வோர் அடியாக நடந்தாள். வேண்டாம் என்று சொன்ன கணவனும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் வந்தான். இறகு ஒட்டிய பின்பாதி நீரில் மிதந்தது. நுனியில் நாராய்ப் பிளந்திருந்தது. இரும்பு முனையோடு கூடிய முன்பாதியைக் காணவில்லை. வெயில் ஏறும் வரை தேடினார்கள். சேறு அதைக் கொடுக்கவில்லை.

பிற்பகலில் புதுக்கோட்டை அரசு மருத்துவமனையில் ராக்கனின் காலைக் கீறிச் சிம்புகளை எடுத்தார்கள். எப்படி நேர்ந்தது என்று மருத்துவர் கேட்டபோது, பிரசாந்த் வாய் திறப்பதற்குள் வைஷ்ணவி உள்ளதை உள்ளபடி சொன்னாள். உள்ளே சிம்பு மீதமில்லை என்றும், பத்து நாள் கால் ஊன்றக்கூடாது என்றும் மருத்துவர் கூறினார்.

மாலையில் மடையடியில் ஊர் கூடியது. ராக்கன் காவல் நிலையத்தில் புகார் கொடுக்க விரும்பவில்லை. “தானா வந்து சொல்லுச்சு, அது போதும்” என்று சொல்லி அனுப்பியிருந்தான். முன்பாதி கிடைக்கும் வரை, பனைக்கு நேரான அந்த இடத்தைச் சுற்றிக் கழி நட்டுக் கயிறு கட்டுவது என்றும், நீர் முற்றிலும் வற்றும் வரை மனிதரோ மாடோ அதற்குள் இறங்கக்கூடாது என்றும், அங்கே தேங்கும் மீன் ராக்கன் வீட்டுக்கு உரியது என்றும் முடிவாயிற்று. இனி இந்த ஊர் எல்லைக்குள் வில் எடுப்பதில்லை என்று வைஷ்ணவியும் பிரசாந்தும் சபையில் ஒப்புக்கொண்டார்கள். ராக்கன் கால் ஊன்றும் வரை வில்லைத் தொடுவதில்லை, அதனால் அடுத்த ஞாயிறு நடக்கும் தேர்வுக்கு வரவில்லை என்று அன்று இரவே வைஷ்ணவி பயிற்சியாளருக்குத் தெரிவித்தாள்.